256 கேபிக்குள் ஒரு முழு கேம்: மெகா மேன் 2

இன்றைய பெரிய கேம்கள் சில, ஹார்ட் டிஸ்க்கில் 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கின்றன. டவுன்லோட் ஆகி முடிவதற்குள் விளையாடும் ஆசையே போய்விடுகிறது. 1988 டிசம்பரில் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட மெகா மேன் 2 கேமின் அளவு எவ்வளவு தெரியுமா? வெறும் 256 கேபி! உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரியது. இவ்வளவு சிறிய இடத்தில் எப்படி அடக்கினார்கள் என்று பார்ப்போமா?

வராமலே போயிருக்கலாம்

1987ல் வந்த முதல் பாகத்தின் விற்பனை பிரமாதம் என்று சொல்லும்படி இல்லை. எனவே இரண்டாம் பாகத்தில் நிறுவனத்துக்குப் பெரிய ஆர்வம் இல்லை. வேறு வேலைகளையும் பார்த்துக்கொண்டு, சொந்த நேரத்தைச் செலவிட்டுத்தான் அந்தக் குழு இதை உருவாக்கியது. ஒரு நாளைக்கு 20 மணி நேரம் கூட உழைத்ததாக, படங்களை வரைந்த கெய்ஜி இனாஃபுனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பலன் கிடைத்தது. 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, தொடர் நிலைத்துவிட்டது.

விளையாட்டு என்ன?

ஓடித் தாவிச் சுடும் ஆக்‌ஷன் கேம் இது. டாக்டர் வைலி என்ற வில்லன் உருவாக்கிய 8 ரோபோக்களை நீங்கள் விரும்பும் வரிசையில் எதிர்க்கலாம். ஒருவரை வென்றால் அவருடைய ஆயுதம் உங்களுக்கு. அந்த ஆயுதம் இன்னொருவரை எளிதில் வீழ்த்தும். புதிதாக விளையாடுபவர்களுக்கு உதவும் வரிசை இதோ:

மெட்டல் மேன் – பபிள் மேன் – ஹீட் மேன் – வுட் மேன் – ஏர் மேன் – கிராஷ் மேன் – ஃபிளாஷ் மேன் – குயிக் மேன்.

ஒவ்வொருவரிடமும் பெறும் ஆயுதம் வரிசையில் அடுத்தவருக்கு எதிராக நன்றாக வேலை செய்யும்.

மெஷினின் எல்லைகள்

இந்த கேம் ஓடியது நின்டெண்டோவின் 8 பிட் மெஷினில். 1990களில் நம் ஊரில் 'டிவி கேம்' என்று விற்ற பல பெட்டிகள் இதன் நகல்கள்தான். இதன் பிராசசர் வேகம் சுமார் 1.79 மெகா ஹெர்ட்ஸ். வேலை செய்ய ராம் மெமரி 2 கேபி மட்டுமே.

திரையில் நகரும் சிறு படத்துண்டுகளை ஸ்பிரைட் என்பார்கள். ஒரே நேரத்தில் 64 ஸ்பிரைட்தான் காட்ட முடியும். ஒரு கிடைக்கோட்டில் 8க்கு மேல் முடியாது. அதிகமானால் மீதி மறைந்துவிடும். எனவே புரோகிராம் அவற்றின் வரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஒன்று மறையும், அடுத்த முறை வேறொன்று. எதிரிகள் கூடும்போது படம் சிமிட்டுவது இதனால்தான். அது கோளாறு அல்ல, எல்லோரையும் கண்ணில் காட்டும் உத்தி.

வைலி கோட்டையில் வரும் பெரிய டிராகனை ஸ்பிரைட்டால் வரைந்தால் கட்டுப்படி ஆகாது. அதனால் அதைப் பின்னணிப் படமாகவே வரைந்துவிட்டார்கள். இந்த மெஷினில் பின்னணி ஒன்றுதான் என்பதால், டிராகனுக்குப் பின்னால் வெறும் கறுப்பு.

ஆயுதம் மாற்றினால் மெகா மேனின் உடை நிறம் மாறும். இதற்குப் புதிய படம் எதுவும் இல்லை. அதே படத்துக்கு நிறப் பட்டியலை மட்டும் மாற்றுகிறார்கள்.

பாஸ்வேர்ட் ரகசியம்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேமை நிறுத்திவிட்டு அடுத்த நாள் தொடர வேண்டும் என்றால், அதுவரை நடந்ததை எங்காவது சேமிக்க வேண்டும். கேட்ரிஜில் பேட்டரி வைத்தால் முடியும். ஆனால் செலவு கூடும். இவர்கள் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 5 வரிசை, 5 பத்தி என 25 கட்டங்கள். அவற்றில் எப்போதும் 9 புள்ளிகள்.

ஏ வரிசையில் ஒரே புள்ளி. கையில் உள்ள எனர்ஜி டேங்க்குகளின் எண்ணிக்கையை (0 முதல் 4 வரை) அது சொல்லும்.

மீதி 20 கட்டங்களில் ஒவ்வொரு ரோபோவுக்கும் இரண்டு கட்டங்கள். ஒன்று 'தோற்கவில்லை', மற்றது 'தோற்றுவிட்டது'. ஆக 8 ரோபோக்களுக்கு 8 புள்ளிகள். 4 கட்டங்கள் காலி.

எத்தனை டேங்க் இருக்கிறதோ அத்தனை கட்டம் இந்த 8 புள்ளிகளும் தள்ளிப் போகும். யாரும் சுலபமாக ஊகிக்கக்கூடாதே!

எட்டு ரோபோக்களும் தோற்று, 4 டேங்க் கையில் இருந்தால் புள்ளிகள் விழும் இடங்கள்: ஏ5, பி2, பி4, சி1, சி3, சி5, டி4, டி5, இ2. கொடுத்துப் பாருங்கள், நேராக வைலி கோட்டைதான்.

ஆயுதங்களை எங்கே சேமித்தார்கள்? சேமிக்கவே இல்லை. யார் தோற்றார் என்று தெரிந்தால் எந்த ஆயுதம் கையில் உள்ளது என்பதும் தெரிந்துவிடும். 8 ரோபோ என்றால் 8 பிட், அதாவது ஒரே ஒரு பைட். அதோடு டேங்க் எண்ணிக்கை. அவ்வளவுதான் முழு சேமிப்பும்!

இன்று விளையாட

2015ல் வெளியான மெகா மேன் லெகஸி கலெக்‌ஷனில் முதல் 6 பாகங்கள் உள்ளன. விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் பின்னர் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் வந்தது. பழைய சிமிட்டலைக் கூட அப்படியே விட்டிருக்கிறார்கள். இலவசம் என்று கண்ட தளங்களில் டவுன்லோட் செய்யாதீர்கள். சட்டப்படி தவறு என்பதோடு வைரஸும் சேர்ந்து வரலாம். முதலில் 'நார்மல்' நிலையில் தொடங்குங்கள். 'டிஃபிகல்ட்' என்பதுதான் ஜப்பானியர்கள் விளையாடிய அசல் கடினம்.

புரோகிராம் எழுதிப் பழகும் மாணவர்கள் அந்தப் பாஸ்வேர்ட் கட்டத்தைத் தாங்களே ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்பதற்கு முன், எதையெல்லாம் சேமிக்கத் தேவையில்லை என்று யோசிக்கும் பழக்கம் அதில் வந்துவிடும்.