பார்வையற்றோருக்கான அனுமதி, திருடன் கையில்

“தம்பி, இது சொல்வழி கேக்குதில்லை. செற்றிங்குக்குள்ள போனால் தானாத் திரும்பி வெளியில வருது. அழிக்கப் போனாலும் அழிக்க விடுதில்லை. ஒருக்கா ஃபோர்மற் அடிச்சுத் தாங்கோ.”

புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிட்ட, ஒட்டுசுட்டான் வீதிப் பக்கம் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடி மாற்றுவதும், வீங்கிய பற்றரி கழற்றுவதும், சார்ஜர் குத்துகிற வாயில் போன மண்ணை ஊசியால் கிண்டி எடுப்பதும்தான் வழக்கமான வேலை. ஆனால் மேலே சொன்ன மாதிரிப் பேச்சோடு ஒரு போன் வந்தால் மற்ற வேலையை அப்படியே வைத்துவிடுவேன். அந்தப் போனுக்குள் இன்னொருவர் விரல் வைத்து அமத்திக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது எனக்கும் தெரியாது, போன் சொந்தக்காரருக்கும் தெரியாது.

அந்த விரலுக்கு வழி விடுகிற திருட்டுச் செயலி போனின் பூட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை. சொந்தக்காரரிடம் ஓர் அனுமதி கேட்கிறது, அவரும் கொடுக்கிறார். அந்த அனுமதியின் பெயர் அக்சசிபிலிற்றி. போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ‘அணுகல்தன்மை’ என்றோ ‘மாற்றுத்திறன் வசதி’ என்றோ தெரியும். “அப்படியென்றால் அதை எல்லாப் போனிலும் மூடிவிட வேண்டியதுதானே?” என்று கேட்பவர்களுக்கு, என் கடைக்கு வருகிற ஓர் ஐயாவைப் பற்றித்தான் சொல்வேன்.

அவர் இரணைப்பாலைக்காரர். 2009இல் பார்வை போனது. மகள் வாங்கிக் கொடுத்த போனில் ‘ரோக்பக்’ என்ற வசதியைப் போட்டு வைத்திருக்கிறார். கண்ணாடியில் விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதைப் போன் தமிழில் வாசித்துச் சொல்லும். வேண்டியது காதில் விழுந்ததும் இரண்டு தரம் தட்டினால் அது திறக்கும். வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையின் குரலைக் கேட்பதும், வங்கிக் குறுஞ்செய்தியை வாசிக்க வைத்துக் கணக்குச் சரிபார்ப்பதும் இதை வைத்துத்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைவிட வேகமாக ஓர் இலக்கத்தைத் தேடி எடுத்துவிடுவார். விரலை அசைக்க முடியாதவர்களுக்கு ‘சுவிட்ச் அக்சஸ்’ என்று வேறொன்று இருக்கிறது. ஒரேயொரு பொத்தானால் முழுப் போனையும் நடத்தலாம். போரில் கண்ணும் கையும் இழந்தவர்களும், முள்ளந்தண்டில் அடிபட்டுப் படுக்கையானவர்களும் வன்னியில் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அன்ட்ரொயிட் போன்களில் 2009ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற அக்சசிபிலிற்றி என்ற இந்த வசதியை ஆபத்தான பொருளாக மட்டும் பேசுவது இந்த மண்ணுக்குப் பொருந்தாத பேச்சு.

இனி அந்த ஐயாவின் போனுக்குள் நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முழுவதும் ரோக்பக்குக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாசிக்க முடியாது. அவர் தட்டியதும் அவருக்குப் பதிலாக அது பொத்தானை அமத்த வேண்டும். ஆக, திரையை வாசிக்கிற உரிமை, விரலுக்குப் பதிலாக அமத்துகிற உரிமை என்று இரண்டையும் போன் அதற்குக் கொடுக்கிறது. ஒரு திருடனுக்கு வேண்டியதும் இந்த இரண்டுதான்.

திருட்டுச் செயலி போனுக்குள் வருகிற வழி எங்கள் பக்கத்தில் அநேகமாக வட்ஸ்அப். அரசாங்கத்தின் அஸ்வெசும கொடுப்பனவு பற்றி, வெளிநாட்டு வேலை பற்றி, இரண்டு நிமிடத்தில் கடன் தருவது பற்றி ஒரு செய்தி வரும். இந்தியாவில் இதையே பிரதமரின் கிசான் திட்டம், போக்குவரத்து அபராதம், கல்யாண அழைப்பிதழ் என்ற பெயர்களில் அனுப்புகிறார்கள். கூடவே ஏ.பி.கே. என்று முடிகிற ஒரு கோப்பு இருக்கும். படமும் இல்லை, கடிதமும் இல்லை, அது ஒரு முழுச் செயலி. எங்கள் பெடியளுக்கு ஏ.பி.கே. புதிதல்ல. கள்ள வட்ஸ்அப்பையும், இலவசமாகக் கிரிக்கெட் காட்டுகிற செயலியையும் ஒருவர் போனிலிருந்து மற்றவர் போனுக்கு மாற்றிப் பழகியவர்கள். வெளியிலிருந்து செயலி போட்டால் போன் எச்சரிக்கும், அதைத் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் தாய்க்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்தப் பழக்கம்தான் பாதி வேலையைத் திருடனுக்குச் செய்து கொடுக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

செயலி உள்ளே வந்ததும், “இது வேலை செய்ய இந்த அனுமதியைத் திறவுங்கள்” என்று அக்சசிபிலிற்றிப் பக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். அதைத் திறந்த பிறகு உங்களிடம் வேறொன்றும் கேட்காது. குறுஞ்செய்தி வாசிக்கும் அனுமதி, மற்றச் செயலிகளுக்கு மேலே படம் விரிக்கும் அனுமதி எல்லாவற்றுக்கும் ‘அனுமதி’ என்ற பொத்தானைத் தானே அமத்திக்கொள்ளும். வங்கிச் செயலியை நீங்கள் திறந்தால் அதே நிறத்தில், அதே சின்னத்தோடு ஒரு பொய்ப் பக்கத்தை மேலே விரித்துக் கடவுச்சொல்லை வாங்கும். வருகிற ஓடிபி இலக்கத்தை உங்களுக்கு முன்னமே வாசித்துவிடும். சில வகைகள் திரையைக் கறுப்பாக்கி, போன் நித்திரை என்று உங்களை நினைக்க வைத்துவிட்டுப் பின்னால் காசை மாற்றும். அதை அழிக்கலாம் என்று செற்றிங்கைத் திறந்தால் ‘பின்செல்’ பொத்தானை உங்களுக்காக அமத்தி வெளியே தள்ளிவிடும். கடைக்கு வருகிறவர்கள் பேய் பிடித்த போன் என்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

எங்கள் ஊர் உறவுகள் இருக்கிற நாடுகளில் இது கொள்ளை நோய் மாதிரிப் பரவிய காலம் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஃபுளுபொட்’ என்ற திருட்டுச் செயலி, அடுத்த வருடம் ஸ்பெயின், ஜேர்மனி, பிரித்தானியா, பின்லாந்து, அவுஸ்திரேலியா என்று ஓடியது. “உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது” என்ற குறுஞ்செய்திதான் அதன் தூண்டில். அக்சசிபிலிற்றி கிடைத்ததும் போனில் உள்ள இலக்கங்களை எடுத்துக்கொண்டுபோய், அந்தப் போனிலிருந்தே ஊராருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். பார்சல் என்றால் யார்தான் திறந்து பார்க்க மாட்டார்கள்? ஆக்கள் இதைப் பற்றிப் பயப்படத் தொடங்கியதும், “உங்கள் போனில் ஃபுளுபொட் இருக்கிறது, நீக்க இதைப் போடுங்கள்” என்று அந்தப் பயத்தையே வைத்து மறுபடி ஃபுளுபொட்டைப் போட வைத்தார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 11 நாடுகள் சேர்ந்து வேலை செய்து, 2022 மே மாதம் நெதர்லாந்துப் பொலிஸார் அதன் வலையமைப்பை முடக்கினார்கள். ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் ஜூன் 1ஆம் திகதி அதை அறிவித்தது. ஆனால் முறை செத்துப்போகவில்லை. 2024இல் ‘அனற்சா’ என்ற வங்கித் திருட்டுச் செயலி, பிடிஎஃப் வாசிக்கிற செயலி என்றும் கியூஆர் வாசிக்கிற செயலி என்றும் வேடம் போட்டுப் பிளே ஸ்ரோருக்குள்ளேயே இருந்தது. பிளே ஸ்ரோரில் எடுத்தேன், பயமில்லை என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். இப்படி ஒரு போன் வந்தால் முதலில் பிளைட் மோட்டில் போடுவேன். சிம்மையும் கழற்றிவிடுவேன். வீட்டு வைஃபை என்றால் அதையும் நிறுத்த வேண்டும். இணைப்பு இல்லாவிட்டால் வெளியில் இருப்பவனின் விரல் எட்டாது. அடுத்தது போனைத் தொடுகிற வேலையல்ல. வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து, இணைய வழிக் கணக்கையும் அட்டையையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அட்டையின் பின்பக்கம் இலக்கம் இருக்கும். ஒரு ரீச்சர் இதைக் கேட்டதும், “முதல்ல போனைத் திருத்தித் தாரும் தம்பி, பிறகு எடுக்கிறன்” என்றார். என் போனைக் கையில் கொடுத்து அழைக்க வைத்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினேன். போன் ஒரு நாள் பிந்தித் திருந்தலாம். போன காசைத் திருப்பி எடுப்பது லேசான காரியமில்லை.

ரீச்சரின் போனில் செற்றிங்குக்குள் போக முடியவில்லை. அதனால் சேஃப் மோட். பவர் பொத்தானை அமத்தினால் வருகிற ‘பவர் ஓஃப்’ என்ற எழுத்தின் மேலேயே விரலை எடுக்காமல் வைத்திருந்தால் அநேகமான போன்கள் சேஃப் மோட்டுக்குப் போகவா என்று கேட்கும். சில போன்களில் அணைத்துவிட்டு, மறுபடி திறக்கும்போது சத்தம் குறைக்கிற பொத்தானை அமத்திப் பிடிக்க வேண்டும். இந்த முறையில் திறந்தால் போனோடு வந்த செயலிகள் மட்டுமே எழும்பும், நாங்கள் பிறகு போட்டவை படுத்தே கிடக்கும். திருட்டுச் செயலியும் அப்படியே. தள்ளிவிட ஆளில்லாததால் செற்றிங் நிதானமாகத் திறந்தது.

அதற்குள் அக்சசிபிலிற்றிக்குப் போனேன். ‘டவுன்லோடட் அப்ஸ்’ என்றோ ‘இன்ஸ்ரோல்ட் அப்ஸ்’ என்றோ ஒரு பகுதி இருக்கும். அங்கே எதற்கு அனுமதி திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ரீச்சரின் போனில் ‘சிஸ்ரம் அப்டேற்’ என்ற பெயரில் ஒன்று இருந்தது. உண்மையான அப்டேற்றுக்கு இந்த அனுமதி தேவையேயில்லை. கள்ளச் செயலிகள் குரோம், பிளே ஸ்ரோர், வீடியோ பிளேயர் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொள்ளும், சின்னத்தையும் முன்பக்கத்திலிருந்து மறைத்துவிடும். அதனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அனுமதியை மூடினேன். பிறகு பாதுகாப்புப் பகுதியில் ‘டிவைஸ் அட்மின்’ என்ற பட்டியல். அங்கேயும் அதே பெயர் நின்றது, அதையும் எடுத்தேன். அது இருக்கும் வரை ‘அன்இன்ஸ்ரோல்’ பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். இரண்டும் போனதும் செயலிப் பட்டியலில் அதைத் தேடி அழித்தேன். அதைக் கொண்டுவந்த முதல் ஏ.பி.கே. கோப்பு டவுன்லோட் பகுதியில் இருந்தது, அதுவும் போனது. போனைச் சாதாரணமாகத் திறந்து அந்த இரண்டு பட்டியலையும் மறுபடி பார்த்தேன். பிளே ஸ்ரோருக்குள் ‘பிளே புரொரெக்ற்’ அணைக்கப்பட்டிருந்தது. அதையும் போட்டுவிட்டு ஒருமுறை சோதிக்க விட்டேன்.

இந்த வழி எடுபடாத போன்களும் உண்டு. அப்போது கணினியில் செருகிக் கட்டளை எழுதிச் செயலியைக் கழற்றலாம். ஆனால் அதற்குப் போனில் யூஎஸ்பி டிபகிங் முன்னமே திறந்திருக்க வேண்டும். கடைசி வழிதான் எல்லோரும் முதலில் கேட்கிற ஃபோர்மற். காசு போயிருந்தாலோ, எதை அழித்தோம் என்பதில் எனக்கே திருப்தி இல்லாவிட்டாலோ நானும் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

எங்கள் ஊரில் ஃபோர்மற் அடிப்பதில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. 2015இலிருந்து அன்ட்ரொயிட்டில் ஒரு காவல் உண்டு. செற்றிங்குக்குள் போகாமல் பொத்தான்களை அமத்தி வெளியிலிருந்து ஃபோர்மற் அடித்தால், அந்தப் போனில் முன்பு இருந்த ஜிமெயிலையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கொடுக்காவிட்டால் உள்ளே விடாது. களவெடுத்த போனை விற்கவிடாமல் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே எத்தனை பேருக்குத் தங்கள் ஜிமெயில் தெரியும்? வாங்கிய கடையில் பெடியன் ஒருவன் போட்டுக் கொடுத்தது, கடவுச்சொல் அவனுக்கும் ஞாபகமில்லை. அல்லது சுவிஸில் இருக்கிற மருமகன் தான் பாவித்த போனைத் தன் கணக்கோடு அனுப்பியிருப்பான். இரவு பன்னிரண்டு மணிக்கு அவனை எழுப்பிக் கேட்ட சம்பவமும் என் கடையில் நடந்திருக்கிறது. அதனால் எந்தப் போன் வந்தாலும், கண்ணாடி மாற்றத்தான் வந்திருந்தாலும், “ஜிமெயில் என்ன, பாஸ்வேட் என்ன” என்று கேட்டு, தெரியாது என்றால் அந்த இடத்திலேயே புதிது போட்டு வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறேன். எழுதி வைப்பது ஆபத்து என்று நகரத்து நிபுணர்கள் சொல்வார்கள். வீட்டுக் கொப்பியைத் திறந்து பார்க்கிற திருடனைவிட, மறந்துபோன கடவுச்சொல்லால் நின்றுபோன போன்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

போன் சுத்தமான பிறகும் கடவுச்சொற்கள் பழையவைதான், அவை திருடனிடம் போய்விட்டன. வங்கி, ஜிமெயில், பேஸ்புக் மூன்றையும் மாற்ற வேண்டும். வட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதியில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்ற வேண்டும். பழைய சேமிப்பிலிருந்து படங்களைத் திருப்பி எடுக்கலாம், ஏ.பி.கே.யை எடுக்கக் கூடாது.

2022இல் வந்த அன்ட்ரொயிட் 13 முதல், வெளியிலிருந்து போட்ட செயலிக்கு அக்சசிபிலிற்றி கொடுக்கப் போனால் போனே மறித்து நிற்கும். நல்ல மறிப்புத்தான். ஆனால் அதையும் திறக்கிற வழி செற்றிங்குக்குள் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்கத் திருடன் அழைப்பெடுத்து, வங்கி உத்தியோகத்தர் மாதிரி மரியாதையாக “அம்மா, இப்ப மேல இருக்கிற மூண்டு புள்ளியை அமத்துங்கோ” என்று கூடவே நிற்பான். இரணைப்பாலை ஐயாவின் மகளுக்கு நான் சொல்லி வைத்திருப்பது இதுதான்: அந்தப் பட்டியலில் ரோக்பக் இருக்கட்டும், புதிதாக இன்னொரு பெயர் முளைத்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

காசு போனவர்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். முறைப்பாட்டுக்கு, முதலில் வந்த செய்தியும், அனுப்பிய இலக்கமும், கோப்பின் பெயரும், அக்சசிபிலிற்றிப் பட்டியலில் அது நின்ற விதமும், காசு போன குறுஞ்செய்தியும் வேண்டும். இவற்றை இன்னொரு போனால் படம் பிடித்து வைத்துவிட்டுத்தான் நான் அழிக்கத் தொடங்குவேன். ஃபோர்மற் அடித்து வெறுமையான போனோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனால் அங்கே காட்ட ஒன்றும் இருக்காது.