சாட்சிக் கண்கள் – 14: படத்தில் விழாத கை

மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தது 1990 பிப்ரவரி 11. தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் முதன்முதலாக வாக்களித்தது 1994 ஏப்ரல் 27. இடைப்பட்ட காலத்தை 'அமைதியான மாற்றம்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த நான்கு ஆண்டுகளில் அரசியல் வன்முறைக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 14,000 பேர்.

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருந்த சோவெட்டோ, தொகோசா போன்ற கறுப்பினக் குடியிருப்புகளில் வீடுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பக்கம். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஜூலு தொழிலாளர்கள் தங்கிய விடுதிகள் இன்காதா கட்சியின் கோட்டை. இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கும்.

1990 செப்டம்பர் 15 காலை. சோவெட்டோவின் இன்லசானே ரயில் நிலையத்தருகே, இன்காதா ஒற்றன் என்ற சந்தேகத்தில் ஒருவரைக் காங்கிரஸ் ஆதரவாளர்கள் பிடித்தார்கள். கல்லெறிந்தார்கள், குத்தினார்கள், பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். புகைப்படக்காரர் கிரெக் மரினோவிச் கைக்கெட்டும் தூரத்தில் நின்று படமெடுத்தார். படமெடுப்பதை நிறுத்து என்று கூட்டம் மிரட்டியது. நீங்கள் கொல்வதை நிறுத்துங்கள், நானும் நிறுத்துகிறேன் என்றார் அவர். எரிந்துகொண்டிருப்பவரின் தலையை நோக்கி ஒருவன் வெட்டுக்கத்தியை ஓங்கும் படமும் அவற்றில் உண்டு. அந்தப் படங்களுக்காக 1991இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போலீஸ் தேடியது. அவர் நாட்டைவிட்டே கிளம்பினார். போலீசுக்குச் சாட்சி சொன்னவர் என்று பேர் வாங்கிய புகைப்படக்காரர் அந்தத் தெருக்களில் மறுபடி கால் வைக்க முடியாது.

அந்தப் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டியது கத்தி பிடித்த கையை மட்டும். 'கறுப்பர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொள்கிறார்கள்' என்று சொல்லிவந்த வெள்ளை அரசுக்கு இப்படிப்பட்ட படங்கள் வசதியாகிப் போயின. பின்னால் நின்று பணம் கொடுத்த கையை 1991 ஜூலையில் வெளிக்கொண்டுவந்தது கேமரா அல்ல, ரகசிய ஆவணங்கள். இன்காதாவின் கூட்டங்களுக்குப் போலீஸ் கள்ளத்தனமாக 2,50,000 ராண்ட் கொடுத்ததை 'வீக்லி மெயில்' பத்திரிகை அம்பலப்படுத்தியது. அதிபர் டி கிளெர்க் இரண்டு அமைச்சர்களின் துறையை மாற்றினார், அவ்வளவுதான். இந்த ஆவணங்களைப் பக்கத்தில் வைக்காமல் அந்தப் படங்களை இன்றைக்கும் அச்சிடுவது செத்தவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மரினோவிச், ஜோவா சில்வா, கெவின் கார்ட்டர், கென் ஊஸ்டர்ப்ரூக் என்ற புகைப்படக்காரர்கள் நால்வரும் 'பேங் பேங் கிளப்' என்று புகழ்பெற்றார்கள். 1994 ஜனவரியில் கட்லெஹாங்கில் சுட்டுக் கொல்லப்பட்ட புகைப்படக்காரர் அப்துல் ஷெரீஃபின் பெயரை அந்த அளவுக்கு யாரும் சொல்வதில்லை. அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, ஏப்ரல் 18. எதிரெதிராக நின்ற படைகளிலிருந்து ஆள் திரட்டி அவசரமாக உருவாக்கிய அமைதிகாப்புப் படை தொகோசாவில் ஒரு விடுதியை நெருங்கியது. பயிற்சி போதாத வீரர்கள் மிரண்டுபோய்ச் சுட்டார்கள். அங்கே இருந்த ஊஸ்டர்ப்ரூக் இறந்தார். மரினோவிச்சின் மார்பில் குண்டு பாய்ந்தது. விழுந்து கிடந்த நண்பர்களை சில்வா படமெடுத்தார். எவர் துப்பாக்கி என்பது அந்தப் படங்களிலும் இல்லை. 1995இல் நடந்த மரண விசாரணை யாரையும் பொறுப்பாளியாக்கவில்லை. தங்கள் பக்கத்துக் குண்டாகத்தான் இருக்கும் என்று அந்தப் படையிலிருந்த ஒருவரே பின்னாளில் மரினோவிச்சிடமும் சில்வாவிடமும் ஒப்புக்கொண்டார்.

(தொடரும்)