கொட்டகையில் கிடக்கும் ஹெரால்டு

டீயைக் குடி தம்பி, பொறுமையாகப் பேசுவோம். தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அரியாங்குப்பத்துக் கொட்டகையில் வருஷக்கணக்காக அசையாமல் கிடக்கிறது. எடுத்து ஓட்டலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறாய். வண்டியைப் பார்க்கிற எல்லாரும் இன்ஜின் ஓடுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன்.

அது என்ன வண்டி என்று முதலில் தெரிந்துகொள். இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த கார். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. நம் பக்கம் வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் 1961 முதல் 1971 வரை தயாரானது. நாலு கதவு வைத்த மார்க் 3 இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. இதே சேஸைக் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டு ஓடியிருக்கிறது. ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். இன்றைய சின்னக் கார்களே அப்படித் திரும்பாது. இதை இரும்பு விலைக்குக் கொடுப்பதாக இருந்தால் எனக்கு மனசு வராது. ஆனாலும் சேஸ் செத்துப்போயிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும்.

இந்தக் காரில் பாடி தனி, சேஸ் தனி. பாடியைப் போல்ட்டு போட்டு சேஸ் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். பானெட், மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். கதவுக்குக் கீழே ஓடும் தகடுகூடப் போல்ட்டில்தான் நிற்கிறது. ஆகவே வெளியே தெரியும் ஓட்டைகளுக்குப் பயப்படாதே, நல்ல டிங்கர் சரிசெய்துவிடுவார். தரையில் படுத்து, பெரிய ஸ்க்ரூடிரைவரால் சேஸைக் குத்திப் பார். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் மட்டும் அரித்திருந்தால் புதிதாகச் செய்து வெல்டிங் வைக்கலாம். நடுவில் நீளமாகப் போகும் இரண்டு சட்டங்களிலும், பின்னால் டிஃபரன்ஷியல் உட்காரும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் அதோடு நிறுத்திக்கொள். முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிற ஊர் நம்முடையது. உப்புக்காற்று உள்ளுக்குள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும்.

அடுத்து முன்சக்கரம். அடியில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு, சக்கரம் திரும்புவதைத் தாங்குகிறது. அதற்கு ஊற்றவேண்டியது கியர் ஆயில். கிரீஸ் அடித்தே பழகிய கைகள் அதற்கும் கிரீஸ்தான் அடித்திருக்கும். அது இறுகிப்போய், தண்ணீர் புகுந்து, உள்ளே மரை அரித்து, ஒருநாள் ஓட்டத்திலேயே முறியும். சக்கரம் மடங்கிவிடும். பழசு எப்படித் தெரிந்தாலும் இதைப் புதிதாகவே போடு. ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்புதான் என்பதால் இங்கிலாந்தில் இன்றும் பாகம் கிடைக்கிறது.

இன்ஜின் 948 சிசி, சாதுவானது. ஜாமாகி இருந்தால் பேட்டரி வைத்து இழுக்காதே. பிளக்கைக் கழற்றி, துளைகளில் மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுக் கையால் திருப்பு. அசையவில்லை என்றாலும் பிரித்துப் போரிங் போட லேத் பட்டறைகள் இருக்கின்றன.

ஆர்சி புக் இருக்கிறதா? வண்டி தாத்தா பேரில்தான் இருக்கும். வாரிசாகப் பேர் மாற்ற ஃபாரம் 31. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு பழம்பெரும் வண்டி எண், பத்து வருஷத்துக்குச் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கு அதை எடுக்கக்கூடாது. சேஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் பழைய உருவிலேயே இருக்கவேண்டும். மாருதி இன்ஜினைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்பவர் பேச்சைக் கேட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சேஸ் போய்விட்டதென்றால் கண்ணாடி, கதவு, கியர்பாக்ஸ், மீட்டர் எல்லாவற்றையும் ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடு. அந்த வண்டி ஓடும்.

எந்த முடிவானாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டியை மண்ணிலிருந்து தூக்கிக் கருங்கல் மேல் நிறுத்து. மேலே போர்த்தியிருக்கும் தார்ப்பாயை இன்றைக்கே எடுத்துவிடு, ஈரத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.