கால் ஊன்றலாமா, கூடாதா? எலும்பு சேரும் முதல் வாரங்கள்

கேரளத்தில் வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிப் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் கட்டுப் பிரித்துவிடலாமா என்று கேட்டு பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளைப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஆறு வாரம் ஓய்வு' என்றிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே கால் முறிவுதான். அவரைக் கம்பி வைத்த மறுநாளே வாக்கரில் நடக்கவைத்தார்கள். எலும்புக்குக் கட்டுப் போடும் ஆசானிடம் போனவரோ சில நாளுக்கொருமுறை தப்பையை அவிழ்த்து, முறிவெண்ணெய் தடவி உழிந்து, மறுபடி கட்டிக்கொண்டு வருகிறார். யார் சொல்வது சரி?

ஆகாதது பாரமா, ஆட்டமா? சீட்டு அதைச் சொல்வதில்லை. ஆறு வாரம் என்பதும் சராசரிக் கணக்கு. உங்கள் எலும்பைப் பார்த்து எழுதியதல்ல.

ஸ்விட்சர்லாந்தின் எலும்பு ஆய்வாளர் ஸ்டீபன் பெரன் 1970-களில் இதற்கு எளிய வகுத்தல் கணக்கு ஒன்று சொன்னார். முறிந்த முனைகள் எவ்வளவு அசைகின்றன என்பதை நடுவிலுள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். 1 மி.மீ. இடைவெளி 1 மி.மீ. அசைந்தால் உள்ளே இருக்கும் திசு 100 சதவீதம் இழுபடுகிறது. முதலில் முளைக்கும் இளந்திசு அதைத் தாங்கும். குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம்தான் தாங்கும். முதிர்ந்த எலும்புக்கு 2 சதவீதமே எல்லை.

அப்படியானால் அசையும் இடத்தில் எலும்பு எப்படித்தான் உருவாகிறது? உடம்பு செய்யும் வேலை இங்கேதான் பிரமிக்க வைக்கிறது. முறிந்த முனைகளை அது தானே கொஞ்சம் கரைத்து, இடைவெளியை அகலப்படுத்துகிறது. அதே 1 மி.மீ. அசைவு 3 மி.மீ. இடைவெளியில் 33 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. இளந்திசு பிடிக்கிறது, இறுக்கம் கூடுகிறது, குருத்தெலும்பு வருகிறது, இன்னும் இறுகுகிறது, பிறகுதான் எலும்பு. இரண்டாம் வார எக்ஸ்ரேயில் விரிசல் முன்பைவிட அகலமாகத் தெரிகிறதே என்று பயந்து எழுதியவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பது இதைத்தான். எக்ஸ்ரேயில் 'ஒன்றும் சேரவில்லை' என்றால் சுண்ணாம்பு இன்னும் படியவில்லை என்றே பொருள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

அளவான அசைவு நல்லதும்கூட. 1985-ல் குட்ஷிப், கென்ரைட் என்ற ஆய்வாளர்கள் ஆடுகளின் கால் எலும்பில் 3 மி.மீ. இடைவெளி விட்டு, தினமும் 17 நிமிடம் மட்டும் சிறிதளவு அசைத்தார்கள். அசையாமல் பூட்டிய எலும்பைவிட அது நன்றாகச் சேர்ந்தது. ஆனால் 2011-ல் அமெரிக்காவில் எலிகளிடம் நடந்த ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. பெரிய இடைவெளியில் ஆரம்பத்திலேயே பாரம் விழுந்தபோது, உள்ளே நுழைந்துகொண்டிருந்த ரத்தக்குழாய்கள் 66 சதவீதம் குறைந்தன. எலும்பு உருவாவது 75 சதவீதம் குறைந்தது. சில வாரம் கழித்து விழுந்த பாரம் எலும்பைக் கூட்டியது.

எனக்குக் கவலை தருவது இந்த முதல் வாரங்கள்தான். மூங்கில் தப்பை நன்றாகப் பிடித்தால், அது அனுமதிக்கும் சிறு அசைவில் தவறில்லை. அதை அடிக்கடி அவிழ்த்து முறிவின் மேலேயே உழியும்போது எலும்பு முனைகள் பக்கவாட்டில் நழுவுகின்றன, திருகுகின்றன. புதுக் குழாய்கள் அறுபடுகின்றன. 'சீக்கிரம் நடந்தால் சீக்கிரம் சேரும்' என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் டாக்டர்களும் பாதியைத்தான் சொல்கிறார்கள். மறுநாளே நடந்தவரின் எலும்புக்குள் கம்பி இருந்தது. பாரத்தில் பெரும்பங்கை அது வாங்கிக்கொண்டது. மாவுக்கட்டு அப்படி வாங்காது.

இனி சில குறுங்கேள்விகள். பாதி பாரம் ஊன்றச் சொன்னால்? எத்தனை கிலோ என்று கேளுங்கள்; எடைமெஷினில் அந்தக் காலை ஊன்றிப் பழகலாம்.

குழந்தைகளுக்கு? சீக்கிரம் சேரும், பள்ளி திறப்பதற்காகக் கட்டை முன்கூட்டிப் பிரிக்க வேண்டாம்.

பீடி, சிகரெட்? சேர்வதைத் தாமதப்படுத்தும்.

ரத்தக்கட்டை உருவி எடுக்கலாமா? கூடாது, எலும்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

கட்டுக்குக் கீழே விரல் மரத்து, வலி ஏறிக்கொண்டே போனால்? அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.