பல் கணக்கும் பிரேக் கணக்கும்

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலச் சட்டம் சைக்கிள் பிரேக்கை விசித்திரமான ஓர் அளவுகோலால் அளக்கிறது. ஈரமில்லாத, மேடுபள்ளமில்லாத, சுத்தமான சாலையில் சக்கரத்தைச் சறுக்க வைக்க முடிந்தால் அது பிரேக். ஜப்பானியச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு: மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால் 3 மீட்டருக்குள் வண்டி நிற்கிறதா? முன்னது டயரைப் பார்க்கிறது, பின்னது தரையை அளக்கிறது. 2006-இல் ஒரேகனின் போர்ட்லாந்து நகரில், பிரேக் பொருத்தாத ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் போனதற்காக அபராதம் விதிக்கப்பட்ட கூரியர் ஊழியர் ஒருவரின் தரப்பு நீதிமன்றத்தில் முதல் அளவுகோலைப் பிடித்துக்கொண்டது. கால்களாலேயே சக்கரத்தைச் சறுக்க வைக்கலாம், ஆகவே காலும் கியரும் சேர்ந்ததே பிரேக் என்பது வாதம். நீதிபதி ஏற்கவில்லை. ஆனால் சறுக்கினால் நிற்கும் என்ற அந்த எண்ணம் சாகவில்லை. இந்தச் சைக்கிளுக்குக் கியர் தேர்ந்தெடுப்பதை இன்றும் குழப்புவது அதுதான். சறுக்குவதற்கு வாகான கியர் வேறு, வேகத்தை அடக்க வாகான கியர் வேறு. வண்டியைச் சட்டென்று நிறுத்தித் தரும் கியர் என்று ஒன்று கிடையவே கிடையாது.

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருண்டுகொண்டே போகும். பின்சக்கர ஹப்பில் இருக்கும் ஃப்ரீவீல் தரும் சலுகை அது. ஃபிக்ஸட் கியரில் அந்தச் சலுகை இல்லை. பின்பல்சக்கரம் ஹப்போடு இறுகத் திருகப்பட்டிருக்கும். அது கழன்று வராமலிருக்க அதற்கு எதிர்த்திசை மரை கொண்ட பூட்டு வளையம் ஒன்று மேலே இருக்கும். சக்கரம் சுற்றினால் செயின் சுற்றும், செயின் சுற்றினால் பெடல் சுற்றும், பெடல் சுற்றினால் கால் சுற்றியே ஆக வேண்டும். குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளும் இதே ஏற்பாடுதான், செயின் மட்டும் இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுற்றிவரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்கும்.

பற்களின் எண்ணிக்கை முதலில் கைவைப்பது டயரின் ஆயுளில். சறுக்குபவர் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் காலைப் பூட்டுவார்: இரண்டு பெடலும் கிடைமட்டமாக, பழகிய கால் முன்னால். செயின்வீலில் 48 பல், பின்னால் 16 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் மிகச் சரியாக 3 சுற்று சுற்றுகிறது. ஆகவே பழகிய கால் முன்னால் வரும் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எத்தனை முறை சறுக்கினாலும் தேய்வது அந்த ஓர் இடம். மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, அங்கே மட்டும் ரப்பர் போய் உள்ளே இருக்கும் நூலிழை தெரியத் தொடங்கும். பின்பல்லில் ஒன்றே ஒன்றைக் கூட்டி 48-க்கு 17 ஆக்கினால் கதை மாறுகிறது. இப்போது பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2 முழுச் சுற்றும் 17-இல் 14 பங்கும் சுற்றுகிறது. 17 முறை பெடல் சுற்றி முடித்த பிறகே பழைய இடம் தரைக்குத் திரும்பும். விதி எளியது. முன்பல், பின்பல் இரண்டையும் பின்னமாக எழுதிச் சுருக்க வேண்டும். சுருங்கிய பின்னத்தின் கீழ் எண்தான் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 44-க்கு 16 என்பது 11/4, ஆகவே நான்கு இடம். 46-க்கு 16 என்பது 23/8, ஆகவே எட்டு. எந்தக் காலையும் முன்வைத்துச் சறுக்கத் தெரிந்தவருக்கு, மேல் எண் ஒற்றைப்படையாக இருந்தால் இது இரட்டிப்பாகும். 49-க்கு 17 போட்டவருக்கு 34 இடம் கிடைப்பது இப்படித்தான். அமெரிக்காவில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்து 2008-இல் காலமான ஷெல்டன் பிரவுன் இந்தக் கணக்கைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். ஆனால் இதன் வேர் சைக்கிளுக்கு முந்தியது. ஒரே இரு பற்கள் திரும்பத் திரும்ப மோதித் தேயக்கூடாது என்று ஒரு சக்கரத்தில் வேண்டுமென்றே ஒரு பல்லைக் கூட்டி வைப்பது பழைய ஆலைத் தச்சர்களின் வழக்கம்.

தேயும் இடங்களின் எண்ணிக்கையை ஏலப் பொருள்போல ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை என்பதையும் அதே கணக்கு சொல்லிவிடுகிறது. ஃபிக்ஸட் கியர் சைக்கிள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். அதை 17 இடமாகப் பிரித்தால் இடத்துக்கு இடம் 12 செ.மீ., 34 ஆகப் பிரித்தால் 6 செ.மீ. தரையைத் தொடும் டயர்ப் பகுதியின் நீளமே சில சென்டிமீட்டர் இருக்கும்போது, 34 இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதோடு மனிதக் கால் கடிகாரம் கிடையாது. பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் 5 பாகை முன்பின்னாக நின்றால், 3 என்ற விகிதத்தில் சக்கரம் 15 பாகை தள்ளி நிற்கும். டயரில் அது கிட்டத்தட்ட 9 செ.மீ. ஆக, 17-ஐத் தாண்டிய எண்ணெல்லாம் காகிதத்தில்தான் பெரிது. ஒன்றுக்கும் பதினேழுக்கும் இடையில்தான் உண்மையான லாபம்.

இதுவரை பார்த்தது எங்கே தேயும் என்பது. எவ்வளவு எளிதாகச் சக்கரம் பூட்டும் என்பதற்குப் பின்னம் சுருங்குவது ஒரு பொருட்டே இல்லை. விகிதம் மட்டுமே பேசும். 170 மி.மீ. கிராங்க், சுமார் 335 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், 3 என்ற விகிதம். இந்த அமைப்பில் பெடலில் கொடுக்கும் அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் டயரின் விளிம்பை வந்தடையும். விகிதம் 2.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 2 என்றால் நான்கில் ஒரு பங்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக அமர்ந்திருப்பவரின் பின்சக்கரத்தை உலர்ந்த சாலையில் பூட்ட, இரு பெடலிலும் சேர்த்து 3 என்ற விகிதத்தில் ஏறத்தாழ 115 கிலோ விசை வேண்டும், 2.5-இல் 97 கிலோ, 2-இல் 78 கிலோ. பின்பெடலை அழுத்தியபடியே, கால்பட்டையில் மாட்டிய முன்காலால் மேலே இழுத்தால்தான் இந்த விசையைச் சேர்க்க முடியும். அது எட்டாதவர் செய்வது ஒன்றே: உடலை ஹேண்டில்பாரின் மேல் சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறார். பாரம் குறைந்தால் பிடிமானம் குறையும், சக்கரம் பூட்டும், நீண்ட கருங்கோடு விழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டுவதை எளிதாக்கிய அதே சாய்வு, நிறுத்தும் பிடிமானத்தையும் தின்றுவிட்டது. கியர் எவ்வளவு கனமோ அவ்வளவு சாய வேண்டும், அவ்வளவு தூரம் சறுக்கும்.

கனமான கியருக்கு இன்னொரு செலவும் உண்டு, இதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கால் சரியான நிலைக்கு வரும்வரை சறுக்கலைத் தொடங்க முடியாது. 3 என்ற விகிதத்தில் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 6.3 மீட்டர் ஓடுகிறது. ஒரே காலை முன்வைத்துப் பழகியவருக்கு, அந்தக் கால் இப்போதுதான் கடந்து போயிருந்தால், அடுத்த முறை அது வருவதற்குள் 6.3 மீட்டர் வீண். 2.5-இல் அது 5.25 மீட்டர். இரு காலிலும் சறுக்கத் தெரிந்தால் இதில் பாதி மிஞ்சும். டயர் பிழைப்பதைவிட எனக்கு இதுவே பெரிய ஆதாயமாகப் படுகிறது.

அப்படியானால் விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைந்த விகிதத்தில் சக்கரத்தைப் பூட்டாமலே, கால் வலுவால் மட்டும் வேகத்தைப் பிடித்து இறக்குவது எளிதாகிறது. உருளும் டயருக்குச் சறுக்கும் டயரைவிடப் பிடிமானம் அதிகம் என்பதால் அதுவே நல்ல முறையும்கூட. ஆனால் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 3 விகிதக்காரரின் கால் நிமிடத்துக்கு 66 சுற்று சுற்றினால், 2 விகிதக்காரரின் கால் 99 சுற்று சுற்றுகிறது. இறக்கத்தில் வேகம் 40 கி.மீ. ஆனதும் அவருடைய கால் 160-ஐ நெருங்கிவிடும். அந்தச் சுற்றில் பெடலோடு கூடவே போவதே பெரும்பாடு. சரியான தருணத்தில் எதிர்த்து அழுத்துவதாவது! நெம்புகோல் கணக்கில் கிடைத்த லாபத்தைச் சுற்று வேகம் பறித்துக்கொள்கிறது. சமதரை நகரங்களில் ஓட்டுபவர்கள் 2.5-க்கும் 2.8-க்கும் இடையில் நிலைகொள்வதற்கு இந்த இழுபறியே போதுமான காரணம்.

இனி தரையை அளப்போம். சக்கரங்களுக்கிடையே 1 மீட்டர், ஆளும் வண்டியும் சேர்ந்த எடைமையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம், பிடிமானக் கெழு 0.8, வேகம் 25 கி.மீ. எந்தப் பிரேக் போட்டாலும் பாரம் முன்சக்கரத்துக்கு ஓடும், பின்சக்கரம் இலேசாகும். அதனால் பின்சக்கரத்தை மட்டும் நம்புபவருக்கு, பூட்டுவதற்கு நூலிழை முன்னால் கால்களை நிறுத்தி வைக்கும் அசாத்தியத் திறமை இருந்தாலும், சுமார் 10 மீட்டர் தேவை. முன்னால் சாய்ந்து சறுக்குபவருக்கு 15 மீட்டரைத் தாண்டும். முன்பிரேக்கை நன்றாகப் பயன்படுத்துபவர், பின்சக்கரம் தரையைவிட்டு எழும் எல்லைவரை போனால், 5 மீட்டரில் நின்றுவிடுவார். இவை எளிய கணக்கில் வரும் தோராயம்; சாலையும் ஆளும் மாறினால் எண்ணும் மாறும். மூன்றுக்கும் இடையிலான வரிசை மாறாது. பின்சக்கரக் கணக்கில் பற்களின் எண்ணிக்கை எங்கும் நுழையவில்லை என்பதைக் கவனிக்கலாம். அந்த 10 மீட்டர் எல்லையைத் தீர்மானிப்பது பாரம் எங்கே இருக்கிறது என்பது. அந்த எல்லையை எட்டுவது எளிதா கடினமா என்பதில் மட்டுமே கியருக்குப் பங்கு.

சைக்கிள் பந்தயத் திடலில் பிரேக்கே இல்லாமல்தானே ஓட்டுகிறார்கள் என்பது வழக்கமாக வரும் மறுப்பு. வெலோட்ரோம் எனப்படும் அந்தத் திடலில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே எதுவும் வராது. அங்கே திடீரென்று வேகம் குறைப்பவர்தான் பின்னால் ஒட்டி வருபவருக்கு ஆபத்து; பிரேக் இல்லாதது அவர்களுக்குப் பாதுகாப்பு. வேகத்தைக் குறைக்கச் சரிவில் மேலேறினால் போதும். சாலைக்கு அந்தச் சரிவு கிடையாது. பிரேக் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நகர நெரிசலில் ஓட்டிய கூரியர்காரர்கள் இருக்கிறார்களே என்பது இரண்டாவது மறுப்பு. 2012-இல் வந்த ‘ப்ரீமியம் ரஷ்’ படத்தின் நாயகனே அப்படிப்பட்ட நியூயார்க் கூரியர்தான். அவர்களுடைய திறமை உண்மை. ஆனால் அது இடைவெளியை முன்கூட்டியே படிக்கும் திறமை, நிற்காமலே தப்பிக்கும் திறமை. படிக்கத் தவறிய ஒரு நொடியில் கையிருப்பு அதே 10 மீட்டர்தான். பிரிட்டனில் 1983-ஆம் ஆண்டு விதிமுறை ஃபிக்ஸட் கியரைப் பின்சக்கரப் பிரேக்காக ஏற்றுக்கொண்டு, முன்சக்கரத்துக்குத் தனிப் பிரேக் கட்டாயம் என்கிறது. இயற்பியல் சொல்வதும் அதுவே. 2016 பிப்ரவரியில் லண்டனில் முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிள் மோதிச் சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு மறு ஆண்டு 18 மாதத் தண்டனை கிடைத்தது. செயின் கழன்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பிரேக் இல்லாதவரிடம் பதில் இல்லை. அந்தக் கணத்தில் அவருடைய வண்டியில் நிறுத்தும் கருவி என்று எதுவுமே மிச்சமிருக்காது.

முன்பிரேக் வந்துவிட்டால் கியர் தேர்வுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. சறுக்கலைப் பற்றிய கவலை டயர்ச் செலவாகச் சுருங்கி, இறக்கத்தில் கால் தாங்குமா, மேட்டில் முட்டி தாங்குமா என்று பார்க்கலாம். 44-க்கு 17 அல்லது 47-க்கு 17 இரண்டுமே நடுத்தர விகிதம், இரண்டிலும் தேய்மானம் 17 இடத்துக்குப் பரவும். வண்டி வாங்கும்போது ஃபோர்க்கின் தலைப்பகுதியில் பிரேக் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திடலுக்கென்று செய்த ஃபோர்க் பலவற்றில் அது இருக்காது. ஏற்கெனவே 48-க்கு 16 வாங்கியவர் பல்சக்கரத்தை உடனே மாற்றத் தேவையில்லை. அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சற்று முன்னால் தள்ளி, செயினைப் பின்பல்சக்கரத்தில் ஒரு பல் நகர்த்தி மாட்டினால், தேயும் இடம் டயரில் 13 செ.மீ. தள்ளிப்போகும். அந்த இடத்தில் ரப்பர் மெலிவது தெரிந்ததும் இன்னொரு பல்.