வாயிலில் வருகையறிவிக்கும் கம்பியில்லா மணி

திண்ணை வைத்துக் கட்டிய வீடுகளில், வருபவர் இன்னார் என்று அறிவிக்கத் தனியே ஒரு கருவி தேவைப்பட்டதில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர், தெருக்கோடியிலேயே ஆளை அடையாளங் கண்டு உள்ளே குரல் கொடுத்துவிடுவார். வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளின் அமைப்பும், அங்குள்ள பருவநிலையும் வேறு. டில்லியையே எடுத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் குளிருக்காகக் கதவும் ஜன்னலும் அடைத்துக் கிடக்கும். வைகாசி பிறந்ததும் 'லூ' எனப்படும் அனற்காற்றுக்காக அவை மீண்டும் அடைபடும். உள்ளே கூலரின் இரைச்சலில், கேட்டில் நின்று ஒருவர் கூப்பிடுவது காதில் விழாது.

இத்தகைய வீடுகள் பலவற்றில், மகனும் மருமகளும் அலுவலகம் சென்ற பின்னர், ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள தாய் தந்தையர் பகற்பொழுதைத் தனியே கழிக்கின்றனர். முதுமையால் செவிப்புலன் குறைந்து, உள்ளூர் மொழியும் பழகாத அவர்களுக்கு, முன்னறிவிப்பின்றி ஒருவர் கதவருகில் வந்து நிற்பதே பெருங்கலக்கம் தருவதாகும். கதவு தட்டப்படுமுன் சில விநாடி அவகாசம் கிடைக்குமாயின், மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, ஜன்னல் வழியே நோக்கி, வந்தவர் தபால்காரரா அயலாரா என்று தெளிந்துகொள்ள இயலும். அந்தச் சில விநாடிகளை அளிக்கும் எளிய சாதனம் ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

இச்சாதனத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கேட்டிலிருந்து வீட்டுக் கதவு வரை செல்லும் பாதையை நோக்கி வெளியே வைக்கப்படும் உணர்கருவி. மற்றொன்று, வீட்டினுள் வைக்கப்படும் மணி. இரண்டிற்கும் இடையே கம்பி இல்லை. கம்பியின்றி மணியடிப்பது நம் நாட்டிற்குப் புதிதுமன்று. 1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் செலுத்தி, தொலைவிலிருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அன்று அறிஞர் அவையை வியப்பில் ஆழ்த்திய அதே தத்துவம், இன்று டார்ச் விளக்கிற்கு இடும் பாட்டரிகளைக் கொண்டே இயங்குகிறது.

உணர்கருவி வேலை செய்யும் விதத்தை அறிந்துகொண்டால், அதனை எங்கே வைப்பது என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மனித உடலும், ஓடிவந்த மோட்டாரின் எஞ்சினும், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை இடையறாது வெளியிடுகின்றன. உணர்கருவி தானாக எக்கதிரையும் வீசுவதில்லை. தன்பால் வருவனவற்றை ஏற்பதே அதன் தொழில். அதன் முகப்பிலுள்ள பிளாஸ்டிக் வில்லை, எதிரேயுள்ள வெளியை விசிறி மடிப்புப் போலப் பல பட்டைகளாகப் பகுக்கிறது. வெப்பமுள்ள ஓர் உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் கடக்கும்போது, உட்புகும் கதிரின் அளவு மாறுகிறது. அம்மாற்றம் உள்ளிருக்கும் உணர்பொருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. உடனே ஒரு வானொலிக் குறி வெளிப்பட, வீட்டினுள் இருக்கும் ஏற்பி அதனை ஏற்று மணியை ஒலிக்கச் செய்கிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மைகள் சில. முதலாவது, கருவியை நோக்கி நேரே நடந்து வருபவரைக் காட்டிலும், அதன் பார்வைக்குக் குறுக்கே நடப்பவரையே அது விரைவில் உணரும். இரண்டாவது, உடலின் வெப்பத்திற்கும் சுற்றுப்புற வெப்பத்திற்கும் உள்ள வேறுபாடே அதற்கு ஆதாரமாதலால், வெயில் 40 பாகை செல்சியஸ் அளவை எட்டும் நடுப்பகலில் அதன் எட்டம் சுருங்கும், குளிர்காலத்தில் நீளும். இதனைக் கருவியின் பழுதென்று கருதலாகாது. மூன்றாவது, சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும்; ஆகவே ஜன்னலுக்கு உட்புறம் வைப்பதால் பயனில்லை. நான்காவது, அதற்கு ஆளறியும் திறன் கிடையாது. தெருநாய், குரங்கு, வெயிலிற் சூடேறிக் காற்றில் அசையும் மரக்கிளை, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி கக்கும் வெப்பக் காற்று ஆகிய யாவும் அதனை ஏமாற்ற வல்லன.

இந்த நான்காவது உண்மையையே நாம் முதன்மையாகக் கருத வேண்டும். பத்து முறை வீணே ஒலித்த மணியைப் பதினோராம் முறை எவரும் பொருட்படுத்தார். இரண்டொரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதன் விசையை அணைத்துவிடுவர். வீட்டில் கருவி இருக்கிறது என்னும் பொய்யான நம்பிக்கை மட்டும் எஞ்சும். ஆகவே, மணி அடிக்கடி ஒலிக்குமாறு அமைப்பதன்று, தேவையானபோது மட்டும் ஒலிக்குமாறு அமைப்பதே திறமை.

அதற்குரிய முறை கடினமானதன்று. பாதையின் ஒரு பக்கத்துச் சுவரிலோ கம்பத்திலோ, தரையிலிருந்து 3 அல்லது 4 அடி உயரத்தில், பாதைக்குக் குறுக்கே பார்க்குமாறு கருவியைப் பொருத்துக. அவ்வுயரத்தில் அதன் பார்வை தரைக்கு இணையாகச் செல்லுமாயின், சிறிய நாய்கள் பெரும்பாலும் அதன் கீழே கடந்துவிடும். பார்வை நம் காம்பவுண்டுச் சுவருக்குள்ளேயே முடிதல் நன்று. தெருவை நோக்கி வைத்தால், போவோர் வருவோருக்கெல்லாம் மணி ஒலிக்கும். காலை மாலை வெயில் நேரே முகத்தில் விழாத திசையைத் தேர்க. மரக்கிளையோ துணிக்கொடியோ எதிரே இருந்து, அகற்றவும் இயலாதாயின், வில்லையின் அப்பகுதியை மட்டும் ஒளிபுகாத ஒட்டுநாடாவால் மறைத்துவிடலாம். இரும்புக் கேட்டின்மீது பொருத்துதல் கூடாது. கேட்டு அசையுந்தோறும் கருவியின் பார்வையும் அசையும், இரும்போ வானொலி அலைக்கு இடையூறு செய்யும். கார் வருவதை மட்டும் அறிந்தாற் போதும் என்பவர்களுக்கு, பாதையோரம் மண்ணிற் புதைக்கும் வேறொரு வகை உண்டு. பூமியின் காந்தப் புலத்தில் வண்டியின் இரும்பு விளைவிக்கும் மாறுதலை உணர்வதால், நாய்க்கும் குரங்குக்கும் அது அசையாது.

வானொலிக் குறி எட்டும் தொலைவாகப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது, தடையற்ற திறந்த வெளிக்கு உரிய அளவாகும். கான்கிரீட் சுவர், இரும்புத் தகடு, எஃகு பீரோ ஆகிய ஒவ்வொன்றும் அதனைக் குறைக்கும். எனவே ஏற்பியைக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னே மறைத்து வைக்காமல், பெரியவர்கள் பகலில் இருக்கும் அறையிலேயே சற்று உயரத்தில் வைத்தல் வேண்டும். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் அன்போடு வாங்கிவரும் கருவிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். அங்கே உரிமமின்றிப் பயன்படும் 915 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இங்கே கைப்பேசிச் சேவைக்கு உரிய பகுதியை ஒட்டியது. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்கென 2005ஆம் ஆண்டில் உரிமத்தினின்று விலக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டில் 868 வரை விரிவாக்கப்பட்டது. ஆதலின், இந்தியாவில் விற்பனைக்கென ஒப்புதல் பெற்ற கருவியைக் கேட்டு வாங்குவதே முறை.

பாட்டரி விஷயத்தில் சிக்கனம் பார்த்தல் தகாது. மலிவான துத்தநாகக் கலங்கள் கசிந்து, தகடுகளை அரித்துவிடக்கூடும். ஆல்கலைன் வகையே ஏற்றது. பழையதையும் புதியதையும் கலந்து இடலாகாது. மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் கலம் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ட்டு அன்று, 1.2 வோல்ட்டே, கருவியின் குறிப்பேடு அனுமதித்தாலன்றி அதனை இட வேண்டா. ஏற்பி சுவர் மின்சாரத்தில் இயங்குவதாயின், மின்வெட்டின்போது அது ஊமையாகிவிடாதபடி, அதிலும் பாட்டரி இடும் வசதி உள்ளதா என்று பார்க்க. வீணாக ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டரியைச் சிறிது தின்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

பாட்டரிகளை இட்டபின், குறிப்பேட்டின்படி உணர்கருவியையும் ஏற்பியையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒரு நிமிடம் அசைக்காமல் விடுக. சுவரில் உடனே துளையிட வேண்டா. முதல் வாரம் கயிற்றாற் கட்டி வைத்து, ஒருவர் பாதையில் நடக்க மற்றவர் உள்ளிருந்து கேட்டுச் சோதிக்க வேண்டும். ஏற்பியின் அருகே ஒரு தாளை வைத்து, மணி ஒலித்த நேரத்தையும் வந்தவர் யார் என்பதையும் பெரியவர்களையே குறித்துவரச் சொல்லுக. வீண் ஒலிகள் எந்த நேரத்தில் மிகுகின்றன என்பதை அத்தாள் காட்டிவிடும். கருவியைச் சிறிது திருப்பி வைத்தால் அவற்றுட் பல ஒழியும். அன்றியும், தாமே சோதித்து அமைத்த கருவியிடம் அவர்களுக்கு அச்சமும் ஐயமும் இரா.

இறுதியாக, இம்மணி பூட்டுமன்று, காவலாளுமன்று. ஒருவர் வருகிறார் என்பதற்கு மேல் அது எதுவும் கூறாது. மணி ஒலித்ததும் கதவைத் திறவாது ஜன்னல் வழியே நோக்குவது, அறியாதவராயின் கதவைத் திறவாமலே வினவுவது, ஆபத்தென்று தோன்றினால் 112 என்னும் அவசர எண்ணை அழைப்பது ஆகிய மூன்றையும் வீட்டிலுள்ளோர் அனைவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளல் வேண்டும். அண்டை வீட்டாரின் கைப்பேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஏற்பியின் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டியும் ஆடிப்பெருக்கை ஒட்டியும், வில்லையைத் துணியால் துடைத்து, பாட்டரியைப் பார்த்து, ஒருவர் பாதையில் நடந்து சோதிப்பதை வழக்கமாகக் கொண்டால், மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் இச்சிறு மணி தன் கடமையைத் தவறாது செய்துவரும்.