இதய முணுமுணுப்பு: ஓசையும் அச்சமும்

இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நான்கு வால்வுகள் இரண்டிரண்டாக மூடிக்கொள்கின்றன. 'லப்-டப்' என்று கேட்பது அந்த மூடும் ஓசைதான். அவற்றுக்கு இடையே 'உஷ்' என்று ஊதுவதுபோல் இன்னோர் ஒலி கேட்டால் டாக்டர்கள் அதை 'மர்மர்' என்கிறார்கள். தமிழில் இதய முணுமுணுப்பு. சீராக ஓடும் ரத்தம் சத்தம் போடுவதில்லை. ஓட்டத்தின் வேகம் கூடினாலோ, வழி குறுகினாலோ, மூடிய வால்வு கசிந்தாலோ ரத்தம் சுழித்து ஓடுகிறது. மடையில் தண்ணீர் சலசலப்பதும் இப்படித்தான். முணுமுணுப்பு என்ற சொல் இந்த ஓசையை மட்டுமே குறிக்கிறது. அதன் பின்னால் நோய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த ஒரு விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் பல வீடுகளில் தூக்கம் போகிறது.

பெரும்பாலும் வேறு எதற்கோ போன இடத்தில்தான் இது தெரியவருகிறது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, கர்ப்பகாலப் பரிசோதனை, வேலையில் சேரக் கேட்கும் உடல்தகுதிச் சான்று, கண்புரை அறுவைக்கு முந்தைய சோதனை என்று இடம் எதுவாகவும் இருக்கலாம். சீட்டில் 'மர்மர்' என்று எழுதி, "எக்கோ எடுத்துட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீடு வந்து சேர்வதற்குள் அது 'இதயத்தில் ஓட்டை' ஆகிவிடுகிறது.

குழந்தைகளில் குறைந்தது பாதிப் பேருக்கு வளரும் பருவத்தில் எப்போதாவது முணுமுணுப்பு கேட்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் இதயத்தில் எந்தக் குறையும் இருக்காது. லண்டனின் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில், தந்தியை மீட்டியதுபோன்ற இனிய ஒலியுடைய இத்தகைய முணுமுணுப்பை 1909இலேயே விவரித்து எழுதினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கர்ப்பிணிகளின் உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுவதால் அவர்களுக்கும் இந்த ஓசை சகஜம். காய்ச்சலிலும் தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போதும் இது கேட்கும். ரத்தசோகையில் ரத்தம் நீர்த்து விரைந்தோடுவதால் வருவது இன்னொரு வகை. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே நம் ஊரில் இந்தக் காரணத்தை முதலில் தேடுவது நல்லது. இரும்புச்சத்து ஏறி ரத்தம் தேறியதும் இந்த வகை ஓசை தானாக மறைந்துவிடும்.

கவனிக்க வேண்டிய முணுமுணுப்புகளும் உண்டு. பிறவியிலேயே இதயச் சுவரில் இருக்கும் துளை, சிறுவயதுத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த வால்வு, முதுமையில் சுண்ணாம்பு படிந்து இறுகிய வால்வு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஓசையின் உரப்பை ஆறு படிகளாகப் பிரிக்கும் முறையை பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் லெவின் 1933இல் கொண்டுவந்தார். சீட்டில் '2/6' என்று இருப்பது அந்தப் படிதான். அதை மதிப்பெண்போல எண்ணி, ஆறில் இரண்டு பங்கு இதயம் போய்விட்டதாக அழுதவர்கள் உண்டு. உரப்புக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சிறு துளை பெரிதாக இரையும்; தளர்ந்துபோன இதயத்தின் முற்றிய வால்வுக் குறுக்கம் மெல்லிய ஓசையே தரலாம். இதயம் விரியும் நேரத்தில் கேட்கும் முணுமுணுப்பு என்றால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கட்டாயம் ஆராய்ந்தாக வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது எக்கோ. 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்த முறை இது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லை, ஊசியும் இல்லை. பெரும்பாலும் அரைமணி நேர வேலை. ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இரண்டாம் சுற்று பயம் ஆரம்பிக்கிறது. அதில் வரும் 'ட்ரிவியல்' கசிவு என்ற சொல் ஆரோக்கியமானவர்களின் எக்கோவிலும் சர்வசாதாரணமாக இடம்பெறுவது. பொருட்படுத்த வேண்டாத அளவு என்பதே அதன் பொருள்.

இல்லாத நோய் செய்யும் கேடு சிறியதல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெர்க்மனும் ஸ்டாமும், இதயக் கோளாறு உள்ளதாக முத்திரை குத்தப்பட்ட பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1967இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உண்மையான இதய நோயால் முடங்கியதைவிட, இல்லாத இதய நோயால் முடங்கியதே அதிகம் என்பது அவர்கள் கண்டது. ஓடாதே, விளையாடாதே என்று பெற்றோர் வளர்த்த பிள்ளைகள் அவர்கள்.

பெரியவர்களிடமும் இதுவே நடக்கிறது. பயம் வந்ததும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கிறது. உடனே நாடியைப் பிடித்துப் பார்க்கிறார்கள். அதனால் பயம் இன்னும் கூடுகிறது. மூச்சு மேலும் கீழும் வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்து, தலை சுற்றி, நெஞ்சு இறுகும். இதுதான் மாரடைப்பு என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. பிறகு மாடிப்படி ஏறுவதை நிறுத்துகிறார்கள், நடையை விடுகிறார்கள். உழைக்காத உடல் தளர்ந்து, பத்தடி நடந்தாலே படபடப்பு வருகிறது. பயந்தது சரிதான் என்று அது சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

இந்தச் சுழலை அறுக்கும் முதல் கருவி தெளிவான பதில். என் முணுமுணுப்புக்குக் காரணம் என்ன, வால்வில் கோளாறு இருக்கிறதா, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, மறுபடி எப்போது வரவேண்டும் என்று எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்க வேண்டும். பதற்றத்தில் பாதி காதில் விழாது; வீட்டிலிருந்து நிதானமான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது பெரிய உதவி. எக்கோவுக்குக் காத்திருக்கும் நாட்களில் நாடி பார்ப்பதையும், கைக்கடிகாரத்தில் துடிப்பை எண்ணுவதையும், இரவில் இணையத்தைத் துழாவுவதையும் நிறுத்தினாலே பாதிச் சுமை இறங்கும். நான்கு நொடி மூச்சை இழுத்து ஆறு நொடி மெதுவாக விட்டால், சில நிமிடங்களில் துடிப்பு தணியும். டாக்டர் தடை சொல்லாவிட்டால் நடையை மறுநாளே தொடங்கலாம். பயம் முழுதும் போகட்டும் என்று காத்திருந்தால் அது போவதே இல்லை. எக்கோ சரியாக இருந்தும் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லையென்றால் அது பதற்றநோயாக இருக்கலாம். அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநல ஆலோசனை தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

சில அறிகுறிகளைப் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாது. உழைக்கும்போது மயங்கி விழுவது, நடந்தால் நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், நள்ளிரவில் மூச்சு முட்டி எழுவது, கால் வீக்கம், காரணம் புரியாமல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவை உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்பவை. கைக்குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வால்வில் உண்மையிலேயே கோளாறு என்று தெரிந்தவர்களுக்கும் பெரும்பாலும் அவகாசம் இருக்கிறது. பெருந்தமனி வால்வுக் குறுக்கம் லேசானது என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ, நடுத்தரம் என்றால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, கடுமையானது என்றால் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் என்பது நடைமுறை. ருமாட்டிக் பாதிப்பு உள்ளவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வால்வு மேலும் கெடாமல் காக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலும் அதைத் தவறவிடக் கூடாது. குறுகிய வால்வைப் பலூனால் விரிக்க முடியும். நெஞ்சைத் திறக்காமலே புதிய பெருந்தமனி வால்வைப் பொருத்தும் முறையை 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே முதன்முதலாகச் செய்துகாட்டினார். இன்று சென்னையிலும் அது செய்யப்படுகிறது.